உளிக்குப் போட்ட பூட்டு

நாவலப்பிட்டியிலிருந்து கம்பளைப் பக்கம் போகும் வழியில் மரத் தளபாடப் பட்டறைகள் சில உள்ளன. முன்னர் அவற்றைக் கடக்கும்போது கேட்டது உளியும் கொட்டாப்புளியும் மோதும் சத்தம். இப்போது கேட்பது ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருக்கும் ரூட்டர் மெஷினின் சத்தம். கதவில் பூ, கட்டிலில் கொடி, பள்ளிவாசல் மிம்பரில் அறபு எழுத்து என எல்லாவற்றையும் கொம்பியூட்டர் சொல்ல மெஷின் செதுக்குகிறது. நம் பக்கத்து எம்பக்க தேவாலயத்தில் கம்பளை மன்னன் மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்து, அதாவது 14ஆம் நூற்றாண்டின், மரத்தூண்கள் நிற்கின்றன. அவற்றைச் செதுக்கிய தேவேந்திர மூலாச்சாரியின் பெயரை இன்றும் சொல்கிறார்கள். அவருக்குக் கருவி கொடுத்த கொல்லன் யாரென்று எவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. உளியை விற்ற பிறகு கொல்லனுக்கும் உளிக்கும் தொடர்பு இல்லை.

இந்தக் கட்டுரை அந்தத் தொடர்பு அறாமல் இருப்பதால் வந்த வினையைப் பற்றியது. மரவேலைக்கும் இலக்கியச் சஞ்சிகைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். கடைசியில் இது நூல்களுக்கும் எழுத்துக்கும் உரிமைக்கும் ஹலால் ஹராமுக்கும் வந்து சேர்கிற விடயம் என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அப்படியான பட்டறை ஒன்றை நடத்துகிறார். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வாப்பாவின் தச்சுத் தொழிலுக்கு வந்தவர். 2019ஆம் ஆண்டு சீனாவில் செய்த சீ.என்.சீ. ரூட்டர் ஒன்றை லீசிங்கில் எடுத்தார். மெஷின் வந்த பிறகுதான் அது தன்னால் மட்டும் ஒன்றும் செய்யாது என்று விளங்கியது.

விடயம் இதுதான். முதலில் கொம்பியூட்டரில் படம் வரைய வேண்டும். அடுத்து, எந்த பிட் எவ்வளவு ஆழத்தில் எந்தப் பாதையால் போக வேண்டும் என்று ஒரு மென்பொருள் கணக்குப் போட வேண்டும். பின்னர் அந்தக் கணக்கை அந்த மெஷினுக்கு விளங்குகிற பாஷையில் எழுத வேண்டும். ஜி-கோட் என்று அதற்குப் பெயர். 'ஜி சைபர்' என்றால் வெட்டாமல் வேகமாக நகரு, 'ஜி ஒன்று' என்றால் வெட்டிக்கொண்டு போ, 'எம் மூன்று' என்றால் பிட்டைச் சுற்று. 1950களில் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் தொடங்கிய கலை இது. ஆனால் தமிழ் கொழும்பில் ஒருவிதமாகவும் காத்தான்குடியில் இன்னொரு விதமாகவும் பேசப்படுவது போல, ஜி-கோட்டும் மெஷினுக்கு மெஷின் சற்று வேறுபடும். மென்பொருளின் கணக்கை இந்த மெஷினின் வட்டார வழக்குக்கு மாற்றித் தரும் சிறிய நிரலை 'போஸ்ட் புரொசஸர்' என்கிறார்கள். அது பிழைத்தால் மரமும் போகும், பிட்டும் போகும்.

மெஷினை விற்றவர்கள் அதோடு ஒரு சீடியையும் இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். உள்ளே இருந்தது பூட்டுடைத்த மென்பொருள். மற்றப் பட்டறைகளிலும் அப்படியானதுதான் ஓடுகிறது என்று சொல்லியே கொடுத்தார்களாம். மாணவரின் வாப்பா பழைய காலத்து மனிதர். பட்டறைக்கு முதலில் வந்த பெரிய வேலை பள்ளிவாசல் மிம்பர். "அல்லாஹ்வுடைய கலாமக் களவெடுத்த சாமானால வெட்டுறதா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபா கொடுத்து, வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் மென்பொருளை அதன் முகவர் ஊடாக முறைப்படி வாங்கினார்கள். கம்பனியின் பெயர் இங்கு வேண்டாம். நான் சொல்லப்போவது ஒரு கம்பனியின் குணத்தை அல்ல, ஒரு வியாபார முறையின் குணத்தை.

நான் இதற்குள் வந்தது ஆங்கிலத்துக்காக. கம்பனியோடு எழுத்துமூலம் மட்டுமே பேசலாம், அதுவும் ஆங்கிலத்தில். "சேர், நீங்கதான் எழுதித் தரோணும்" என்று மாணவர் வந்து நின்றார். ஆசிரிய கலாசாலையில் எனக்குக் கற்பித்தது விண்ணப்பக் கடிதமும் முறைப்பாட்டுக் கடிதமும் எழுதும் ஆங்கிலம். அது இவ்வளவு பயன்படும் என்று அன்று நினைக்கவில்லை.

முதல் கடிதம் எழுத்தைப் பற்றியது. மென்பொருளில் அறபை அடித்தால் எழுத்துக்கள் இணையாமல் தனித்தனியாக நின்றன. அதுவும் இடமிருந்து வலமாக. பிஸ்மி தலைகீழாகக் கிடந்தது. தமிழை அடித்துப் பார்த்தோம். 'கொ'வின் கொம்பு ஓரிடத்தில், கால் வேறோரிடத்தில். பாமினி எழுத்துருவோடும் பேஜ்மேக்கரோடும் போராடி இந்த மாதிரியான சஞ்சிகைகளைக் கொண்டுவந்தவர்களுக்கு இந்த வேதனையைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. எங்கள் கடிதத்துக்கு மறுநாளே ஓர் இலக்கத்தோடு பதில் வந்தது. அது இயந்திரம் எழுதிய பதில். இரண்டு வாரம் கழித்து ஒரு மனிதர் எழுதினார்: அறபு மொழி தங்கள் மென்பொருளின் ஆதரவு மொழிகளில் இல்லை, யோசனைக்கு நன்றி. காசு வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. எழுத்தை வேறிடத்தில் கோர்த்து, கோடுகளாக மாற்றி, பின்னர் உள்ளே கொண்டுவரும் சுற்றுவழி ஒன்றை மாணவரே கண்டுபிடித்தார். வேலை ஓடியது. மிம்பரின் ஒரு பக்கப் பலகைகள் முடிந்தன.

பின்னர் 2022 வந்தது. அந்த வருடத்தை இலங்கையர் எவருக்கும் விவரிக்க வேண்டியதில்லை. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. றமழானுக்கு முன் மிம்பர் முடிய வேண்டும் என்று பள்ளி நம்பிக்கையாளர்கள் கேட்டிருந்தார்கள். ஒருநாள் மின்வெட்டு முடிந்து கறண்ட் வந்த வேகத்தில் கொம்பியூட்டரின் மதர்போட் எரிந்தது. கண்டியிலிருந்து பழைய போட் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டார்கள். டிசைன் பைல்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. மென்பொருளைத் திறந்தால் திரையில் இரண்டு வரி: இந்தக் கணினிக்கு லைசன் இல்லை.

லைசன் அந்தப் போட்டோடு பிணைக்கப்பட்டிருந்தது. போட் செத்தால் லைசனும் சாகும். அதை உயிர்ப்பிக்கும் அதிகாரம் கம்பனிக்கு மட்டும்தான். முகவருக்குத் தொலைபேசி எடுத்தோம். அந்த ஏஜென்சியை விட்டு ஒரு வருடமாகிறது என்றார். கம்பனிக்கு எழுதினோம். உங்கள் பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது, புதுப்பித்தால் உதவலாம் என்றார்கள். புதுப்பிக்க 300 டொலர். வாங்கிய காலத்தில் 60,000 ரூபாவுக்குள் அடங்கியிருக்கக்கூடிய தொகை இப்போது ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதையும் கட்டத் தயாரானார். அந்த நாட்களில் வங்கி அட்டையால் வெளிநாட்டுக்குப் பணம் போகவில்லை. பணம் அனுப்ப வேறு வழி உண்டா என்று கேட்டு எழுதினோம். உங்கள் பிரதேச முகவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்று பதில் வந்தது. இல்லாத முகவரை!

மொத்தம் பதினொரு கடிதம் எழுதினேன். முறைப்பாட்டுக் கடிதத்தில் கடைசிப் பந்தி எப்போதும் பணிவாக இருக்க வேண்டும் என்று கற்பித்திருந்தார்கள். ஏழாவது கடிதத்துக்குப் பிறகு அந்தப் பணிவை எழுத என் கை மறுத்தது. மாணவர் பகிடியாகச் சொன்னார்: "கறண்ட் இரிக்கிற நேரம் லைசன் இல்ல, லைசன் இருந்த நேரம் கறண்ட் இல்ல." பகிடிதான். ஆனால் லீசிங் தவணை பகிடிக்கு நிற்காது. பட்டறையில் வேலை செய்த இரண்டு பேரை அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

இதே நாட்களில் பக்கத்துப் பட்டறைகளில் பூட்டுடைத்த மென்பொருள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. போட் மாறினால் என்ன, கொம்பியூட்டரே மாறினால் என்ன, அதற்குக் கவலையில்லை. ஒருநாள் அஸருக்குப் பிறகு மாணவர் என்னிடம் கேட்டார்:

"சேர், களவெடுத்தவனுக்கு ஓடுது. காசு குடுத்த எனக்கு ஓடுதில்ல. இப்ப நான் அந்த சீடியப் போட்டா அது களவா? நான் ஏலவே காசு குடுத்த சாமான்தானே?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. மௌலவியிடம் போனோம்.

அவர் இதை விளையாட்டாக எடுக்கவில்லை. நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை பண மதிப்புள்ள உரிமைகள், ஷரீஆ அவற்றைப் பாதுகாக்கிறது, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி எடுத்த 43ஆவது தீர்மானத்தை முதலில் சொன்னார். எனவே பொதுவாக அந்த சீடி கூடாது. ஆனால் இங்கே கேட்பவர் விலை கொடுத்தவர். ஒருவருடைய உரிமையை மற்றவர் கொடுக்காமல் தடுத்து வைத்தால், தனக்குரிய அளவை மட்டும் தானே எடுத்துக்கொள்ளலாமா என்பது பழைய மஸ்அலா. ஷாபிஈ மத்ஹபில் அதற்கு இடம் இருக்கிறது. கணவர் போதுமானதைத் தருவதில்லை என்று முறையிட்ட ஹிந்த் நாயகிக்கு, நியாயமான அளவை எடுத்துக்கொள்ளும்படி நபிகளார் (ஸல்) அனுமதித்த சம்பவம் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது.

"அப்ப போடலாமா ஹஸ்ரத்?" என்று மாணவர் கேட்டார்.

மௌலவி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஹராம்ன்டு சொல்ல எனக்குத் துணிவில்ல. ஹலால்ன்டு சொல்லிட்டு அந்த மிம்பர்ல ஏறவும் மனசு வருதில்ல. கதவு வேல, கட்டில் வேலையப் பத்தி நீங்க உங்கட மனசக் கேளுங்க. மிம்பருக்கு மட்டும் வேற வழியொண்டு பாருங்க."

இதைவிட நேர்மையான மார்க்கத் தீர்ப்பை நான் கேட்டதில்லை.

அன்றிரவு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பாதுகாக்கப்படும் ஆக்கங்களின் பட்டியலில் புத்தகம், கட்டுரை இருக்கும் அதே வரிசையில் கணினி நிரலும் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அந்த மென்பொருளை எழுதியவனும் இந்தச் சஞ்சிகையில் எழுதும் நாமும் ஒரே பாயில் இருக்கிறோம். நமது நூலை ஒருவர் போட்டோக்கொப்பி அடித்து விற்றால் நமக்கு நோகிறது. அவனுக்கும் நோகத்தான் செய்யும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சித்திலெப்பை 1882இல் கண்டியில் முஸ்லிம் நேசனைத் தொடங்கினார். மூன்று வருடம் கழித்து அஸன்பேயுடைய கதையை வெளியிட்டார். அன்று அதைக் காசு கொடுத்து வாங்கியவரின் வீட்டில் அந்தப் பிரதி இன்றும் இருந்தால், அது இன்றும் திறக்கும். அச்சகம் மூடியதால் புத்தகம் மூடிக்கொள்ளவில்லை. அலுமாரியை மாற்றினால் எழுத்து மறைந்துவிடுவதில்லை. வாசகர் வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் கட்டினால்தான் பக்கம் புரளும் என்று எந்த எழுத்தாளரும் சொன்னதில்லை. நூலாசிரியருக்கு உள்ள பாதுகாப்பைக் கேட்டு வாங்கியவர்கள், நூல் வாங்கியவருக்கு உள்ள உரிமையை மட்டும் பட்டியலிலிருந்து கழற்றிவிட்டார்கள். சண்டை அங்கேதான்.

தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களைக் கேட்டால் இன்னொரு உதாரணம் சொல்வார்கள். சாமுவேல் டேவிட்சன் 1881இல் பெல்பாஸ்டில் தொடங்கிய சிரோக்கோ தொழிற்சாலை இன்று இல்லை. அவருடைய கொழுந்து உலர்த்தும் இயந்திரங்கள் மலையகத்தில் தலைமுறைகளாக உழைத்தன. உதிரிப்பாகம் தேய்ந்தால் பிட்டர் ஒருவர் கடைசல் மெஷினில் புதிதாகக் கடைந்து போட்டார். பெல்பாஸ்டின் அனுமதியை யாரும் கேட்கவில்லை. 1874இல் ரயில் வந்து சேர்ந்த நாவலப்பிட்டி, கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்களின் ஊர். அந்த ஊரில்தான் நல்ல நிலையில் உள்ள மெஷின் ஒன்று, நல்ல நிலையில் உள்ள கொம்பியூட்டருக்குப் பக்கத்தில், இரண்டு வரிச் செய்திக்காகச் சும்மா நின்றது.

இது நாவலப்பிட்டிக்கு மட்டும் வந்த துன்பமல்ல. மரச் செதுக்கலில் பெயர் பெற்ற ஆர்ட்காம் என்ற மென்பொருளை பேர்மிங்ஹாமின் டெல்காம் கம்பனி செய்தது. 2014இல் அந்தக் கம்பனியை அமெரிக்காவின் ஓட்டோடெஸ்க் வாங்கியது. 2018இல் ஆர்ட்காமின் விற்பனை நிறுத்தப்பட்டது. அதன் மூலநிரலுக்கு உரிமம் பெற்ற வேறொரு கம்பனி, கார்வெகோ என்ற புதுப் பெயரில் அதைத் தொடர வேண்டியதாயிற்று. இடையில் தவித்தவர்கள் அதைக் கொண்டு தொழில் செய்தவர்கள். அதே ஓட்டோடெஸ்க் தனது பியூஷன் 360 மென்பொருளைச் சொந்தப் பாவனைக்கு இலவசமாகக் கொடுத்திருந்தது. 2020 ஒக்டோபர் முதல் அந்த இலவசப் பிரதியில் பல வசதிகள் குறைக்கப்பட்டன. ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய பைல்கள் பத்தாகின. வெட்டாத இடத்தில் வேகமாகக் கடக்கும் 'ஜி சைபர்' கட்டளைகூட எடுக்கப்பட்டது. இலவசமாகக் கொடுத்ததைத் திரும்ப எடுப்பது அவர்கள் உரிமை என்று வாதிடலாம். 2016இல் தனது பிரதான மென்பொருள்களை ஒரே தடவையில் காசு கொடுத்துச் சொந்தமாக்கும் முறையையும் அக்கம்பனி நிறுத்தியது. அடோபி 2013இல் சந்தா முறைக்கு மாறியபோது நம் அச்சகத்தார் பட்ட பாட்டை இங்கு நினைவூட்டலாம். உலகம் போகும் திசை இது. வீடு வாங்கும் காலம் போய் எல்லோரும் வாடகைக் குடியாகும் காலம்.

மௌலவி சொன்ன வேறு வழி இரண்டு கிளையாகக் கிடைத்தது.

ஒன்று, யாரும் பூட்டுப் போடாத மென்பொருள். இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில் அறபை அடித்தபோது எழுத்துக்கள் தாமாகவே கைகோர்த்து வலமிருந்து இடமாக நின்றன. தமிழும் கொம்பு, கால் பிழைக்காமல் வந்தது. காசு கொடுத்து வாங்கியதில் கிடைக்காதது காசில்லாததில் கிடைத்தது. அதைப் பிரீகாட் என்ற இன்னொன்றுக்குள் எடுத்து வெட்டும் பாதை போட்டோம். இதெல்லாம் இலகுவாக நடந்ததாக எழுதினால் அது பொய். இவற்றுக்கும் தொலைபேசி எடுத்துக் கேட்க ஆளில்லை. வழிகாட்டி முழுவதும் ஆங்கிலம். மூன்று வாரம், மின்சாரம் இருந்த இரவுகளில், நான் வாசித்துத் தமிழில் சொல்ல அவர் செய்து பார்த்தார். முதல் தடவை ஓட்டியபோது மெஷின் ஒரு கட்டளை விளங்காமல் நடுவழியில் நின்றது. ஆனால் இங்கே போஸ்ட் புரொசஸர் என்பது யாரும் திறந்து வாசிக்கக்கூடிய எழுத்துப் பைல். பிழைத்த இரண்டு வரியைத் தேடிக் கண்டு நீக்கினோம். மெஷின் ஓடியது. அந்த இரண்டு வரியை நீக்க ஒருவரிடமும் பணிவான கடைசிப் பந்தி எழுத வேண்டியிருக்கவில்லை.

மற்றக் கிளை, வாப்பா. எழுத்துக்களை மெஷின் வெட்டியது. புடைப்பாக எழும் பூவும் கொடியும் எங்கள் கைக்கு அடங்கவில்லை. கண்பார்வை குறைந்திருந்த அந்த மனிதர் பழைய உளிகளைத் தீட்டி எடுத்தார். மிம்பரின் ஒரு பக்கக் கொடி மெஷின் வெட்டியது, மறுபக்கக் கொடி அவர் வெட்டியது. உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மெஷின் வெட்டிய இலைகள் எல்லாம் ஒரே இலை. அவர் வெட்டியவற்றில் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. றமழான் தவறிவிட்டது. அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாள் குத்பா அந்த மிம்பரில் நடந்தது.

கம்பனியிடமிருந்து கடைசிப் பதில் அதற்கும் பிறகு வந்தது. நீங்கள் வைத்திருக்கும் பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை, புதிய பதிப்பை வருடச் சந்தாவில் பெறலாம், விசேட கழிவு உண்டு. வளையல்கள் அப்போதும் அடகில்தான் இருந்தன.

களவு மென்பொருளைப் பற்றி ஜும்ஆவில் பயான் செய்கிறார்கள். செய்யத்தான் வேண்டும். ஆனால் அளவை நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்க அல்குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது, 83ஆவது. அது எச்சரிப்பது குறைத்துக் கொடுப்பவரை. விலையை முழுதாக வாங்கிக்கொண்டு பொருளைக் கால எல்லையோடும் பூட்டோடும் கொடுப்பது, அந்த எல்லையை விற்கும்போது வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது, இல்லாத முகவரிடம் வாங்கியவனை அனுப்புவது ஆகியவை எந்தத் தராசில் நிறுக்கப்பட வேண்டும் என்று நமது உலமாக்கள் ஆராய வேண்டும். 1988 தீர்மானம் ஆக்கியவனின் உரிமையைச் சொன்னது. வாங்கியவனின் உரிமையைச் சொல்லும் தீர்மானம் ஒன்றை மௌலவிமார் கையில் எடுத்துக்கொண்டு வரும் நாளை நான் எதிர்பார்க்கிறேன்.

நாம் செய்யக்கூடிய சிறிய வேலைகளும் உண்டு. பள்ளி நம்பிக்கையாளர்கள் மிம்பருக்கும் மிஹ்ராபுக்கும் விலை பேசும்போது மரத்தின் தரத்தைக் கேட்பது போல, எந்தக் கருவியால் வெட்டுகிறீர்கள் என்றும் கேட்கலாம். முறைப்படி செய்பவருக்கு அதற்கான விலையையும் கொடுக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் பூட்டில்லாத மென்பொருளில் பிள்ளைகளைப் பழக்கலாம். ஆங்கிலம் தெரிந்தவர்கள் அவற்றின் வழிகாட்டிகளில் பத்துப் பக்கத்தையாவது தமிழில் எழுதி வைக்கலாம். அந்த மூன்று வாரத்தில் நான் எழுதிய குறிப்புகள் ஒரு மொனிட்டர் கொப்பி அளவுக்கு வந்தன. அதன் போட்டோக்கொப்பி இப்போது நான்கு பட்டறைகளில் இருக்கிறது. யாரும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம்.